பதினெட்டுக்குப் பதினெட்டு

மொத்தம் 36 இடங்கள். எண்ணி முடித்துப் பார்த்தால் ஆளுங்கட்சிக்கு 18, எதிர்க்கட்சிக்கு 18. சுயேச்சை ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. மூன்றாவது கட்சிக்கும் எதுவும் கிடைக்கவில்லை. தூது விட்டு யாரையாவது இழுக்கலாம் என்றால் நடுவில் ஆளே இல்லை. 2001 டிசம்பர் 10 அன்று கரீபியன் தீவு நாடான டிரினிடாட் டொபேகோவில் நடந்த பொதுத்தேர்தலின் முடிவு இதுதான். இரண்டு வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஏ.என்.ஆர். ராபின்சன் தன் முடிவை அறிவித்தார். பிரதமராக இருந்த பாஸ்தியோ பாண்டேயை விட்டுவிட்டு எதிரணித் தலைவர் பேட்ரிக் மேனிங்கைப் பிரதமராக்கினார். அதற்கு அவர் சொன்ன காரணம் ஒழுக்கமும் ஆன்மிக விழுமியங்களும். அவர் செய்தது சரியா, தப்பா? எனக்குச் சம்பந்தமே இல்லாத இந்தக் கேள்வி ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.

குடைச்சலை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு டிரினிடாட் அம்மா. நான் இருப்பது கனடாவின் ஸ்கார்பரோவில். இங்கே தமிழ்க் கடைகளுக்கு நடுவே டிரினிடாட்காரர்களின் கடைகளும் உண்டு. 2025 ஏப்ரல் 28 அன்று கனடாவுக்கும் டிரினிடாட்டுக்கும் ஒரே நாளில் பொதுத்தேர்தல் வந்தது. நான் இங்கே ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அவரும் போட்டார், ஆனால் கவனமெல்லாம் அங்கேதான். மறுநாள் மதியம் எல்லோருக்கும் டபிள்ஸ் வாங்கி வந்திருந்தார். இரண்டு மெத்தென்ற பொரித்த அப்பம், நடுவில் கொண்டைக்கடலைக் குழம்பு, காகிதத்தில் முறுக்கிக் கட்டித் தருவார்கள். பிரித்துத் தின்னும்போது குழம்பு மணிக்கட்டு வரை வழியும். பாண்டேயின் பழைய கட்சியைச் சேர்ந்த கமலா பெர்சாத் பிசேசர் 26 இடங்களோடு மறுபடி பிரதமராகப் போகிறார் என்பதற்காக அந்த விருந்து. 'வாழ்த்துகள், பெரிய வெற்றிதான்' என்று சொன்னேன். 'வெற்றியெல்லாம் சரி. எங்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினார்களே, அது உனக்குத் தெரியுமா?' என்று ஆரம்பித்தார். 2001-க்குப் போய்விட்டார். நடுவில் கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது, நான்கைந்து தேர்தல்கள் வந்து போயிருக்கின்றன. அவருக்கு அது நேற்று நடந்த மாதிரி.

அந்தத் தேர்தலில் அவர் துனாபுனா பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் வேலை பார்த்தாராம். காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை வாக்குப்பதிவு. நம் ஊரில் குச்சியால் கோடு போடுவார்கள். அங்கே விரலையே மைப் புட்டியில் முக்கி எடுக்க வேண்டும். துனாபுனா அந்த நாட்டில் எந்தப் பக்கமும் சாயக்கூடிய தொகுதி. 2000 தேர்தலில் பாண்டேயின் ஐக்கிய தேசிய காங்கிரஸ் ஜெயித்த அந்த இடம், 2001-ல் மேனிங்கின் மக்கள் தேசிய இயக்கத்துக்குப் போனது. அந்த ஒரு தொகுதி மாறாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. 'ராபின்சன் அறிவித்த அன்றைக்கு நான் பாஸ்டல் கட்டிக்கொண்டிருந்தேன்' என்றார். பாஸ்டல் அவர்களுடைய கிறிஸ்துமஸ் பலகாரம். சோளமாவுக்குள் இறைச்சி வைத்து, வாழையிலையில் மடித்து, நூலால் கட்டி அவிப்பார்கள். 'இலையை மடிக்கிற என் விரலில், நகக்கண்ணில், ஓட்டுப்போட்ட மை அப்படியே இருந்தது. மை போவதற்குள் ஓட்டு போய்விட்டது.'

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நியாயம் அவர் பக்கமா என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ராபின்சனும் பாண்டேயும்

டிரினிடாட் அரசியலை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் முதலில் சொல்வது இனக்கணக்கு. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பெரும்பாலும் சிவப்புச் சட்டை போடும் மக்கள் தேசிய இயக்கத்துக்கு. இந்திய வம்சாவளியினர் பெரும்பாலும் மஞ்சள் சட்டை போடும் ஐக்கிய தேசிய காங்கிரஸுக்கு. (பின்னதின் சின்னம் உதயசூரியன். முதல் தடவை அந்தக் கொடியைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு ஏன் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.) 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான இந்தியர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பல் ஏறியவர்கள், ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். சர்க்கரை மண்டலமான நடு டிரினிடாட் பாண்டேயின் கோட்டை. அவரே சர்க்கரைத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்து அரசியலுக்கு வந்தவர். தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினும் அதன் கிழக்கே நீளும் ஊர்களும் மறுகட்சியின் பலம்.

இந்தக் கணக்கு பொய்யில்லை. ஆனால் 2001-ஐ விளக்க அது போதாது. இந்தக் கதையின் முடிச்சு இனத்தைவிட இரண்டு மனிதர்களுக்கு நடுவில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ராபின்சன் இரண்டு தீவுகளில் சின்னதான டொபேகோக்காரர், ஆப்பிரிக்க வம்சாவளி. பாண்டேயும் அவரும் 1986-ல் ஒரே கூட்டணியில் நின்று, நாட்டை முப்பது வருடம் ஆண்ட மக்கள் தேசிய இயக்கத்தை 33-க்கு 3 என்று சுருட்டினார்கள். ராபின்சன் பிரதமர், பாண்டே அமைச்சர். இரண்டே வருடத்தில் சண்டை முற்றி பாண்டே வெளியே போனார், சொந்தக் கட்சி தொடங்கினார். 1990 ஜூலையில் ஆயுதக் கும்பல் ஒன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரைப் பணயக்கைதியாகப் பிடித்தது. படையினரைப் பின்வாங்கச் சொல் என்று துப்பாக்கியை நீட்டினால், ராபின்சன் முழு பலத்தோடு தாக்குங்கள் என்று சொன்னார். காலில் குண்டு வாங்கினார். ஐக்கிய தேசிய காங்கிரஸ் வீட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் அலுவலக அம்மாகூட இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். 'அந்த விஷயத்தில் மனுஷன் மனுஷன்தான்' என்கிறார்.

1995 நவம்பரில் ஒரு சமநிலை வந்தது: 17, 17, மிச்சம் டொபேகோவின் 2 இடங்கள். அந்த இரண்டும் ராபின்சன் கையில். அவர் பாண்டேயோடு போனார். இந்திய வம்சாவளியில் வந்த முதல் பிரதமராகப் பாண்டே பதவியேற்றது பழைய பகையாளி கை கொடுத்ததால்தான். பதிலுக்கு 1997-ல் ராபின்சன் குடியரசுத் தலைவரானார். அது அலங்காரப் பதவி, மாளிகையில் சும்மா இருப்பார் என்று பாண்டே நினைத்திருக்கலாம். ராபின்சன் சும்மா இருக்கிற ஆள் இல்லை. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேண்டும் என்று 1989-லேயே ஐ.நா.வில் பேச்செடுத்தவர் அவர். 2000 தேர்தலில் தோற்ற ஏழு பேரைச் செனட் என்ற மேலவை வழியாக அமைச்சரவைக்குள் கொண்டுவர பாண்டே பட்டியல் அனுப்பினார். மக்கள் நிராகரித்தவர்களை நான் எப்படி நியமிப்பது என்று ராபின்சன் வாரக்கணக்கில் கையெழுத்துப் போட மறுத்தார். கடைசியில் போட்டார், ஆனால் ஊரறிய முறைத்துக்கொண்ட பிறகு.

அதே அரசுக்குள் இன்னொரு வெடிப்பு. சட்ட அமைச்சராக இருந்த ரமேஷ் லாரன்ஸ் மகராஜ், டிரெவர் சுதாமா, ரால்ஃப் மராஜ் ஆகிய மூவரும் ஊழல் என்று சொல்லிப் பிரிந்தார்கள். 36 பேர் கொண்ட அவையில் 19 பேர் வைத்திருந்தவருக்கு மூன்று பேர் போனால் என்ன மிஞ்சும்? ஒரு வருடம்கூட முடியாத நாடாளுமன்றம் கலைந்தது. டிசம்பரில் மறுபடி தேர்தல். பிரிந்து போன மூவரும் தனி அணியாக நின்று ஓர் இடமும் பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்

சமநிலை வந்ததும் பாண்டேயும் மேனிங்கும் தலைநகரின் கிரவுன் பிளாசா ஹோட்டலில் பேசி ஓர் உடன்பாட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பிரதமர் யார் என்பதைக் குடியரசுத் தலைவரே தீர்மானிக்கட்டும், அதை இருவரும் ஏற்கிறோம். இந்தக் கதையில் எனக்கு விளங்காத இடம் இதுதான். முந்தைய வருடம் பூராவும் தன்னோடு மல்லுக்கு நின்ற ஒருவரிடம் பாண்டே எந்த நம்பிக்கையில் தலையைக் கொடுத்தார்? வாக்குக் கணக்கில் தான் முந்தியிருக்கிறோம் என்று நினைத்திருக்கலாம். அவர் கட்சிக்குக் கிட்டத்தட்ட 50 சதவீதம், மேனிங்குக்கு 46.5. பதவியில் இருப்பவருக்கே முதல் வாய்ப்பு என்ற மரபையும் நம்பியிருக்கலாம். 'படித்த வக்கீல், பெரிய தொழிற்சங்கத் தலைவர், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்' என்று எங்கள் அலுவலக அம்மா இன்னும் ஆத்திரப்படுகிறார். அவருக்கு ராபின்சன் மேல் இருக்கும் கோபத்தில் பாதி உண்மையில் பாண்டே மேல்.

டிசம்பர் 24 அன்று ராபின்சன் எடுத்துக் காட்டியது அரசியல் சாசனத்தின் முகப்புரையை. மனிதர்களும் அமைப்புகளும் சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் அந்தச் சுதந்திரம் ஒழுக்க, ஆன்மிக விழுமியங்களுக்கும் சட்டத்தின் ஆட்சிக்கும் கொடுக்கும் மரியாதையின் மேல் நிற்க வேண்டும் என்கிறது அது. அந்த வரியை வைத்து மேனிங்.

இப்போது சாசனத்தின் 76-ஆம் பிரிவைப் பாருங்கள். பெரும்பான்மைக் கட்சிக்குத் தலைவர் இருந்தால் அவர் பிரதமர். அப்படி யாரும் இல்லையென்றால், அவையில் பெரும்பான்மையோரின் ஆதரவைப் பெறக்கூடியவர் என்று குடியரசுத் தலைவரின் மதிப்பீட்டில் யார் படுகிறாரோ அவர். கேள்வி யாருக்கு ஆள்பலம் கூடும் என்பது. யார் யோக்கியர் என்பது அங்கே கேட்கப்படவே இல்லை. 18-க்கு 18-ல் இருவருக்குமே பெரும்பான்மை கூடாது என்பது வேறு விஷயம். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதால் கேட்காத கேள்விக்கு ராபின்சன் பதில் எழுதினார்.

இதில்தான் நான் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தேன். ஏதாவது ஓர் அளவுகோல் வேண்டும்தானே? மொத்த வாக்கு என்று எடுத்தால் பாண்டே. பதவியில் இருப்பவர் என்றாலும் பாண்டே. போன தேர்தலைவிட யார் ஏறினார், யார் இறங்கினார் என்றால் மேனிங்; 16-லிருந்து 18-க்கு வந்தவர் அவர், 19-லிருந்து இறங்கியவர் பாண்டே. இந்த மூன்றில் எதைச் சொல்லியிருந்தாலும் தோற்றவர் ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். பிடிக்காமல் போகலாம், ஆனால் கணக்கு தெரியும். ஒழுக்கம் என்று சொன்னால் அதைச் சரிபார்க்க ராபின்சனின் நெஞ்சுக்குள்தான் போக வேண்டும். அந்த நெஞ்சுக்குள் பாண்டேயோடு பதினைந்து வருடப் பாக்கி இருந்தது ஊருக்கே தெரியும். மேனிங்கை நியமித்ததைக்கூட நான் ஒத்துக்கொள்வேன். சொன்ன காரணத்தை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் அது பாண்டேயோடு நிற்கவில்லை. அவருக்கு ஓட்டுப் போட்ட பாதி நாட்டையும் பார்த்து, நீங்கள் யோக்கியம் குறைந்தவருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று சொன்னது. எங்கள் அலுவலக அம்மா இருபத்து மூன்று வருடம் கழித்தும் கொண்டைக்கடலையை மறந்துவிட்டுப் பேசுவது அந்தச் சொல்லால்தான். பதவி போனது இரண்டாம்பட்சம்.

சபாநாயகர் இல்லாத சபை

மேனிங் பிரதமராகிவிட்டார், சரி. பாண்டே உடன்பாட்டை மீறி அந்த முடிவை ஏற்க மறுத்தார், புதுத்தேர்தல் வேண்டும் என்றார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு ராபின்சன் விவகாரத்தைவிட ருசிகரமானது, ஆனால் யாரும் அதிகம் பேசுவதில்லை.

நாடாளுமன்றம் கூட வேண்டுமென்றால் முதல் வேலை சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பது. அவர் இல்லாமல் உறுப்பினர்கள் வேறு எந்த வேலையும் பார்க்க முடியாது. தன் கட்சி உறுப்பினர் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் அந்தப் பக்கம் 17 ஆகிவிடும். டிரினிடாட் சாசனப்படி சபைக்கு வெளியிலிருந்தும் சபாநாயகரைக் கொண்டுவரலாம். ஆனால் இவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் ஏற்க வேண்டுமே. 2002 ஏப்ரலில் அவை கூடியது. சபைச் செயலர் முன்னால் உட்கார்ந்திருக்க, பெயர் மேல் பெயராக முன்மொழிந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. ஓய்வுபெற்ற பெரிய மனிதர்களின் பெயர்களெல்லாம் சந்தையில் கத்தரிக்காய் மாதிரி எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கப்பட்டன. ஆகஸ்டில் மறுபடி கூடினார்கள், மறுபடி முடியவில்லை. செப்டம்பரோடு அவர்களுடைய நிதியாண்டு முடிகிறது, புதிய வரவுசெலவுத் திட்டத்துக்குச் சபையின் ஒப்புதல் வேண்டும். வேறு வழியில்லாமல் கலைத்தார்கள். அக்டோபர் 7 அன்று தேர்தல், மேனிங்குக்கு 20, பாண்டேக்கு 16.

டிசம்பர் முதல் அக்டோபர் வரை, சட்டம் இயற்றும் அவை ஒன்று இல்லாமலே ஒரு ஜனநாயக நாடு ஓடியிருக்கிறது. 'அப்போது எப்படி இருந்தது? பயமாக இல்லையா?' என்று அந்த அம்மாவைக் கேட்டேன். யோசித்தார். 'சம்பளம் வந்தது. மேக்சி டாக்சி ஓடியது. தண்ணீர் எப்போதும் போல வரவில்லை' என்றார். எனக்கு அந்தப் பதில்தான் பயமாக இருந்தது. நாடாளுமன்றம் இல்லாததை ஜனங்கள் கவனிக்கவே இல்லை என்றால், இருந்தபோது அது என்ன செய்துகொண்டிருந்தது?

பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தபடி தேர்தலுக்குப் போனதால்தான் மேனிங் ஜெயித்தார், ஆக ராபின்சன் ஒரு தேர்தலையே தூக்கிக் கொடுத்தார் என்பது அந்த அம்மாவின் வாதம். அதன் பலனும் பெரிது. 2003-ல் மேனிங் அரசு கரோனி என்ற அரசுச் சர்க்கரை நிறுவனத்தை மூடியது. 9,000-க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு வாங்கிக்கொண்டு வெளியேறினார்கள். நிறுவனம் நஷ்டத்தில் ஓடியது உண்மை, யார் வந்திருந்தாலும் ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆனால் சர்க்கரைத் தொழிலாளர்களின் தலைவர் பிரதமராக இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம், இந்த முறையில் நடந்திருக்காது என்பதும் உண்மைதான். நடு டிரினிடாட்டின் கூவா பக்கம் தலைமுறை தலைமுறையாகக் கரும்பு வெட்டியவர்கள் ஒரே வருடத்தில் கரும்பை விட்டார்கள்.

நாற்காலிதான் ஜெயிக்க வைத்தது என்ற வாதத்தை நானும் கொஞ்ச நாள் நம்பினேன். டொபேகோ அதைக் கெடுத்துவிட்டது. டொபேகோவுக்கென்று தனிச் சட்டமன்றம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே தேர்தல் நடந்தது: 12 இடங்களில் 6-க்கு 6! இருபது வருடத்துக்கு முன்னால் அந்தப் பாடு பட்ட நாடு, பெரிய சபைக்கு 2007 தேர்தலிலிருந்து 41 என்று ஒற்றைப்படையாக்கிய நாடு, சின்னச் சபையை இரட்டைப்படையிலேயே விட்டுவைத்திருந்தது. மறுபடி அதே கூத்து, தலைமை ஏற்க ஆளைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. இந்தத் தடவை யாரும் ஒழுக்கம் பேசி யாரையும் மாற்றவில்லை. பதவியில் இருந்த மக்கள் தேசிய இயக்கத்தார் அப்படியே தொடர்ந்தார்கள். நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இடங்களை 15 ஆக்கியது. டிசம்பரில் மறுதேர்தல். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்தது 1. எதிர்த்து நின்றவர்களுக்கு 14. அந்த வெற்றியால் டொபேகோ நிர்வாகத்தின் தலைவரான ஃபார்லி அகஸ்டின்தான் 2025-ல் டொபேகோவின் இரண்டு நாடாளுமன்ற இடங்களையும் புதுக்கட்சியோடு வந்து அள்ளிக்கொண்டார்.

ஒற்றைப்படை எண் வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. 41 இடங்களோடு நடந்த முதல் தேர்தலிலேயே, 2007-ல், புதிதாக வந்த மக்கள் காங்கிரஸ் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு வாங்கி ஓர் இடம்கூடப் பிடிக்கவில்லை. சமநிலை வராது, அவ்வளவுதான்.

ராபின்சன் 2014-ல் போய்ச் சேர்ந்தார், மேனிங் 2016-ல், பாண்டே 2024-ன் முதல் நாளில். கேட்க ஆள் இல்லை. ஆனாலும் என் வாதத்தை ஒருநாள் அந்த அம்மாவிடம் முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். ராபின்சன் டிசம்பரில் எதையும் தீர்மானித்திருக்கக் கூடாது. பாண்டே இடைக்காலமாக இருக்கட்டும் என்று விட்டு, ஜனவரி முதல் வாரமே சபையைக் கூட்டியிருக்க வேண்டும். சபாநாயகர் தேறியிருந்தால் யாருக்கு ஆதரவு என்று அங்கேயே தெரிந்திருக்கும். தேறவில்லையென்றால் உடனே கலைத்து, பிப்ரவரிக்குள் மறுதேர்தல். பத்து மாதம் வீணாகியிருக்காது, யாரும் யாரையும் யோக்கியன் அயோக்கியன் என்று சொல்லியிருக்கவும் வேண்டாம்.

பொறுமையாகக் கேட்டார். தன் பக்கத்துக்குச் சாதகமான யோசனை, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டார்.

'2002-ல் கார்னிவல் எப்போது தெரியுமா? பிப்ரவரி 11, 12. அந்த நேரத்தில் தேர்தல் வைத்திருந்தால் எங்கள் ஆட்களே பாண்டேக்கு ஓட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.'